பைதானில் கோப்புத் தேடல்: இருக்கிற கோப்பு ஏன் கிடைப்பதில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கணினி மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் டி டிரைவில் 'புயல்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 2011, 2024 என்று இரண்டு: தானே புயல் அடித்த ஆண்டு, ஃபெஞ்சல் புயல் அடித்த ஆண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கடலூர் மாவட்டத்தின் 10 தாலுகாவுக்கும் தனித்தனி ஃபோல்டர். தாலுகாவுக்குள் ஊர். ஊருக்குள் பட்டா நகல், அடங்கல், மனு, சாய்ந்த பலா மரத்தின் படம், முறிந்த முந்திரித் தோப்பின் படம். இத்தனைக்கும் பெயர் வைத்தது ஒரே ஆளும் இல்லை, ஒரே கணினியும் இல்லை.

இதிலிருந்து பட்டா நகலை எல்லாம் திரட்ட பைதானில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதுவது கடினமே இல்லை. அது காலிப் பட்டியலைத் திருப்பித் தரும்போதுதான் சிக்கல். 'கோப்பு இல்லை' என்பதற்கும் 'அங்கே தேடவே இல்லை' என்பதற்கும் பைதானின் தேடல் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) ஒரே பதிலைத்தான் தருகின்றன. பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது. நிவாரண மனுவோடு இணைக்க வேண்டிய பட்டா, வட்டில் இருந்தும் பட்டியலில் இல்லாமல் போனால் பாதிப்பு மனு கொடுத்தவருக்கு. அதனால் இந்த வழிகாட்டியில் தேடுவது எப்படி என்பதைச் சுருக்கமாகவும், தேடல் எங்கெல்லாம் ஓசையின்றித் தவறும் என்பதை விரிவாகவும் சொல்கிறோம்.

நிரல் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது பைதானின் சொற்களையும் டிரைவ் எழுத்தையும் கோப்பு நீட்சியையும் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைதான் 3 அதை ஏற்கும்.

மூன்று கருவிகள்

முதலாவது குளோப் என்ற தொகுதியில் (மாட்யூல்) உள்ள குளோப் செயற்கூறு. 'குளோபல்' என்ற சொல்லின் சுருக்கம் அது, ஆரம்பகால யூனிக்ஸிலிருந்து வருகிற பெயர். கிடைத்த பாதைகளை வெறும் சரங்களாக (ஸ்ட்ரிங்) தரும்.

இரண்டாவது பாத்லிப் தொகுதியின் பாத் வகுப்பில் உள்ள ஆர்குளோப். பாத்லிப் பைதான் 3.4 இல் வந்தது. கிடைப்பதைப் பாத் பொருளாகத் தருவதால், அதிலிருந்தே பெயர், நீட்சி, தாய் ஃபோல்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஓஎஸ் தொகுதியின் வாக். இது '*.பிடிஎஃப்' போன்ற வடிவத்தைப் பொருத்திப் பார்ப்பதில்லை. ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து, "இங்கே இந்த ஃபோல்டர்கள் இருக்கின்றன, இந்தக் கோப்புகள் இருக்கின்றன" என்று மட்டும் சொல்லும். எதை எடுப்பது என்பது உங்கள் முடிவு.

சில ஆயிரம் கோப்பு, ஒரு முறை வேலை என்றால் ஆர்குளோப். லட்சக்கணக்கில் இருந்தால், நெட்வொர்க் வட்டாக இருந்தால், சில ஃபோல்டர்களுக்குள் நுழையவே கூடாது என்றால், எது விட்டுப்போனது என்று தெரிந்தாக வேண்டும் என்றால் வாக். குளோப் தொகுதியைப் பழைய நிரல்களில் பார்த்தால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும், புதிதாக எழுதும்போது நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம் கீழே வரும்.

வேலை தொடங்கும் முன் பைதான் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7 ஓடும் கணினியில் பைதான் 3.8க்கு மேல் ஏறாது. பாத் வகுப்பிலேயே வாக் வசதி வந்தது 3.12 இல்தான். ஆக, பழைய கணினிகளிலும் ஓட வேண்டிய நிரலுக்கு ஓஎஸ் தொகுதியின் வாக்தான் கைகொடுக்கும்.

தொடங்கும் இடம் சரியா?

அடிப்படை வரி இது:

கோப்புகள் = லிஸ்ட்(பாத்("டி:/புயல்").ஆர்குளோப்("*.பிடிஎஃப்"))

காலியாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வடிவத்தை அல்ல, தொடங்கும் பாதையை. இல்லாத ஃபோல்டரைக் கொடுத்தாலும் ஆர்குளோப் கோபிக்காது, காலியாகவே திரும்பும். எனவே தேடலுக்கு முந்தைய வரியில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று இஸ்-டிர் மூலம் கேட்டு, இல்லையென்றால் நிரலை நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு வரியைச் சேர்க்காத தேடல் நிரலை நம்பக் கூடாது.

ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இஸ்-டிர் இல்லை என்கிறதா? பின்சாய்வுக் கோட்டைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இருந்து பாதையை அப்படியே ஒட்டினால் "டி:\புயல்\2024" என்று வரும். பைதானில் பின்சாய்வுக்குப் பின் எண்கள் வந்தால் அது எண்மக் (ஆக்டல்) குறியீடு: மூன்று இலக்கம் வரை சேர்த்து ஒரே எழுத்தாக்கிவிடும். \202 என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தாகிவிடும், மிஞ்சுவது 4 மட்டும். \2011 என்றாலும் இதே கதி, \201 போக 1 மிஞ்சும். ஆண்டுவாரியாக ஃபோல்டர் வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் எங்கும் உண்டு. ஆகவே இது அடிக்கடி வரும் தவறு. இந்த எண்மக் குறியீட்டுக்கு என்று எச்சரிக்கையும் வராது.

தீர்வு எளிது. முன்சாய்வுக் கோடு போடுங்கள், விண்டோஸிலும் அது வேலை செய்யும். அல்லது மேற்கோளுக்கு முன் ஆர் எழுத்தைச் சேர்த்து 'ரா' சரமாக்குங்கள். ரா சரத்தை ஒற்றைப் பின்சாய்வில் முடிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசியில் சாய்வு வேண்டாம், விட்டுவிடலாம்.

டிரைவ் எழுத்தில்லாமல் வெறும் "புயல்" என்று கொடுத்தால், நிரல் எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அதற்குள் தேடும். எடிட்டரிலிருந்து ஓட்டினால் ஓர் இடம், டாஸ்க் ஷெட்யூலரிலிருந்து ஓட்டினால் வேறோர் இடம். தானாக ஓட வேண்டிய நிரலில் முழுப் பாதையே கொடுங்கள்.

கைபேசியைக் கேபிளில் இணைத்து, அதிலுள்ள வாட்ஸ்அப் படங்களைத் தேட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எம்டிபி முறையில் இணையும் கைபேசி எக்ஸ்புளோரரில் தெரிந்தாலும், அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. பைதானால் அதற்குள் போக முடியாது. படங்களை வட்டுக்கு நகலெடுத்த பிறகு தேடுங்கள்.

வடிவம் எழுதுவது

நட்சத்திரம் எத்தனை எழுத்தானாலும் பிடிக்கும், ஆனால் ஃபோல்டர் எல்லையைத் தாண்டாது. கேள்விக்குறி ஒரே ஒரு எழுத்து. சதுர அடைப்பு, அதற்குள் உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று. இரட்டை நட்சத்திரம் எத்தனை ஆழமானாலும் இறங்கும். ஆர்குளோப், வடிவத்துக்கு முன்னால் இரட்டை நட்சத்திரத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். நெளி அடைப்புக்குள் இரண்டு நீட்சிகளைக் காற்புள்ளியிட்டுத் தரும் லினக்ஸ் ஷெல் வழக்கம் இங்கே செல்லாது.

குளோப் தொகுதியில் உள்ள பெரிய பொறி இது: இரட்டை நட்சத்திரம் போட்டாலும், ரிகர்சிவ்=ட்ரூ என்று கூடவே சொல்லாவிட்டால் அது ஒற்றை நட்சத்திரமாகவே நடத்தப்படும். அதாவது ஒரே ஒரு படி மட்டும் இறங்கும். நம் எடுத்துக்காட்டில் ஆண்டு, தாலுகா, ஊர் என்று மூன்று படி கீழே கோப்புகள் இருக்கின்றன. ஒரு படியில் நிற்கும் தேடல், ஆண்டு ஃபோல்டரில் தவறுதலாக வைத்த நாலு கோப்பை மட்டும் காட்டும். முழுக்கக் காலியாக வந்தாலாவது சந்தேகம் வரும். நாலு கோப்பு வந்தால் 'அவ்வளவுதான் போல' என்று நம்பிவிடுவோம். அதனால்தான் ஆர்குளோப் மேல்.

சதுர அடைப்பு இன்னொரு பொறி. 'பட்டா [2].பிடிஎஃப்' என்று பெயருள்ள கோப்பை அதே பெயரால் தேடினால் கிடைக்காது. [2] என்பது '2 என்ற எழுத்து' என்று பொருள்படும், ஆக நிரல் 'பட்டா 2.பிடிஎஃப்' என்பதைத் தேடிக்கொண்டிருக்கும். பெயரை வெளியிலிருந்து வாங்கி வடிவமாக்கும் இடத்தில் எல்லாம் குளோப் தொகுதியின் எஸ்கேப் செயற்கூறு வழியாக அனுப்புங்கள்.

நீட்சியின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். கேமராக்கள் ஜேபிஜி நீட்சியைப் பெரிய எழுத்தில் எழுதும், வாட்ஸ்அப் சிறிய எழுத்தில். விண்டோஸில் சோதித்துச் சரியாக ஓடிய நிரல், லினக்ஸ் கணினிக்குப் போனதும் தோப்புப் படங்களில் பாதியை மட்டும் பிடிப்பது இதனால்தான். 3.12 முதல் கேஸ்-சென்சிடிவ்=ஃபால்ஸ் என்று கொடுக்கலாம். எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும் வழி, நட்சத்திரம் மட்டும் போட்டு எல்லாவற்றையும் வாங்கி, நீட்சியை (சஃபிக்ஸ்) சிறிய எழுத்தாக (லோயர்) ஆக்கி, வேண்டிய நீட்சிகளின் தொகுப்பில் (செட்) இருக்கிறதா என்று பார்ப்பது. ஜேபிஜி, ஜேபெக், பிஎன்ஜி மூன்றுக்கும் மூன்று முறை வட்டைச் சுற்றாமல் ஒரே சுற்றில் முடியும் என்பது இதில் கிடைக்கும் லாபம்.

புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளில் முதல் இரண்டு கருவிகளும் மாறுபடும். குளோப் தொகுதியின் நட்சத்திரம் அவற்றை விட்டுவிடும். பாத்லிப் பிடித்துவிடும். ஆப்பிள் கணினியில் செருகி எடுத்த பென் டிரைவில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் ஒரு நிழல் கோப்பு இருக்கும். நீட்சி அதே ஜேபிஜி, உள்ளே படம் இல்லை. ஆர்குளோப் இதையும் எண்ணி, 200 படத்தை 400 என்று சொல்லும். பெயர் '._' இல் தொடங்கினால் தள்ளிவிடுங்கள். வேர்டு, எக்செல் கோப்பு ஒன்று யாரிடமோ திறந்திருந்தால் '~$' இல் தொடங்கும் பூட்டுக் கோப்பும் இதேபோல வரும். அதைத் திறக்கப்போய்த்தான் நிரல் நடுவழியில் விழும்.

தமிழ்ப் பெயர்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ஆனால் தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கும் எவருக்கும் தேடல் தவறுவதற்கான முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது.

கேள்விக்குறி 'ஒரு எழுத்து' என்றோம். பைதானுக்கு எழுத்து என்றால் ஒரு யூனிகோடு குறி. 'கடலூர்' நமக்கு நான்கு எழுத்து: க, ட, லூ, ர். பைதானுக்கு ஆறு: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. எனவே நான்கு கேள்விக்குறி போட்டால் கடலூர் வராது, ஆறு போட வேண்டும். 'புதுச்சேரி' நமக்கு ஐந்து, பைதானுக்குப் பத்து. தமிழ்ப் பெயரில் கேள்விக்குறியை நம்பாதீர்கள், நட்சத்திரமே போடுங்கள். சதுர அடைப்புக்கும் இதே கதை: அடைப்புக்குள் கி, கீ என்று இரண்டு எழுத்தைப் போட்டால், பைதான் அதைக் ககரம், இகரக் குறி, ஈகாரக் குறி என்று மூன்றாகப் படிக்கும்.

அடுத்தது இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரத்துக்கு என்றே ஒரு தனிக் குறி உண்டு, அதைப் போடலாம். அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்துப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைதானின் ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு. 'காட்டுமன்னார்கோயில்' என்று நீங்கள் தட்டிய பெயரும், வட்டில் இருக்கும் 'காட்டுமன்னார்கோயில்' ஃபோல்டரும் பொருந்தாமல் போக இது போதும். பழைய ஆப்பிள் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, பெயர்களைப் பிரித்துச் சேமிக்கும் வழக்கமுடையது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் சிலவும் பிரித்தே போடும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், சரிசெய்யாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: மாறிப் பெயர்களைப் பைதான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேற்கோளுக்குள் உள்ள சரங்களைத் தொடாது. அதனால் நிரலில் மாறிப் பெயர் ஒத்துப்போகிறது, கோப்புப் பெயர் மட்டும் ஒத்துப்போகவில்லை என்ற குழப்பம் வரும்.

இதற்கு மருந்து யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸ். என்எஃப்சி என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் அதன் வழியே அனுப்பினால், பிரிந்த குறிகள் சேர்ந்துவிடும்.

நார்மலைஸால் தீராதவையும் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் தாலுகாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோடு விதிப்படி இவை இரண்டும் வெவ்வேறு குறித் தொடர்கள், எனவே என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. 'கௌரி'யின் முதல் எழுத்தைக் ககரம், கொம்பு, ளகரம் என்று மூன்று குறியாகத் தட்டுபவர்கள் ஏராளம், அதையும் ஒன்றாக்காது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கி, இணைப்பிக் குறிகள், அதாவது யூ+200சி, யூ+200டி, நுழைந்திருந்தால் அவற்றையும் நீக்காது.

ஆகவே எங்கள் பரிந்துரை: வடிவத்துக்குள் தமிழே வேண்டாம். நட்சத்திரமும் நீட்சியும் மட்டும் போட்டு எல்லாவற்றையும் வாங்கி, பெயர் ஒப்பீட்டை நீங்களே செய்யுங்கள். அதற்குச் 'சாவி' என்று ஒரு சிறு செயற்கூறு எழுதுங்கள். பெயரை வாங்கி, என்எஃப்சி ஆக்கி, அந்த இரண்டு மறைவுக் குறிகளை நீக்கி, ஶ்ரீயை ஸ்ரீ ஆக்கி, கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரக் குறியாக்கி, கடைசியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தொல்லை இல்லாமல் லோயர் செய்து திருப்பித் தரட்டும். தேடும் சொல்லையும் இதே சாவி வழியாக அனுப்புங்கள். பிறகு,

இஃப் சாவி("ஸ்ரீமுஷ்ணம்") இன் சாவி(கோப்பு.நேம்):

'வெள்ளம்' என்ற சொல்லிலும் கொம்பும் ளகரமும் வருகிறதே, அது கெட்டுப்போகாதா என்று கேட்கலாம். கெடும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெடுவதால் பொருத்தம் தவறாது. சாவி ஒப்பிட மட்டுமே. அதைக் கோப்பின் புதுப் பெயராக வைக்கத் துணியாதீர்கள், 'வெள்ளம்' ஃபோல்டர்கள் எல்லாம் சிதைந்துவிடும்.

அதேபோல, கோப்பைத் திறக்கும்போது சாவியைக் கொடுக்காதீர்கள். வட்டிலிருந்து வந்த பாதை எப்படி வந்ததோ அப்படியே கொடுங்கள். சீராக்கிய பெயரில் லினக்ஸ் வட்டில் கோப்பே இருக்காது. 'பட்டியலில் இருக்கிறது, திறந்தால் இல்லை' என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சந்தேகமான பெயரை உள்ளே பார்க்க பைதானில் ஆஸ்கி என்ற உள்ளமைந்த செயற்கூறு உண்டு. பெயரை அதற்குக் கொடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் எண்ணாக அச்சாகும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெயரை ஆஸ்கியில் அச்சிட்டு ஒன்றின் கீழ் ஒன்று வைத்தால், எந்த இடத்தில் பிரிகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இனி, யூனிகோடுக்குச் சம்பந்தமே இல்லாத மாறுபாடு: நம் ஊர்ப் பெயர்களே பலவிதம். காட்டுமன்னார்கோயில், காட்டுமன்னார்கோவில். விருத்தாசலம், விருதாச்சலம். பண்ருட்டி, பண்ணுருட்டி. புதுச்சேரிக்கு 2006 இல் அதிகாரப்பூர்வப் பெயர் மாறியதால், அதற்கு முந்தைய ஃபோல்டர்களில் பாண்டிச்சேரி என்றே இருக்கும், பேச்சு வழக்கில் பெயர் வைத்தவர்கள் புதுவை என்று வைத்திருப்பார்கள். இதற்கு எந்தத் தொகுதியும் உதவாது. ஓர் அகராதி எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் வழங்கும் எல்லாப் பெயரையும் அடுக்கிவைத்து, அதில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும் என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியை அறிந்த ஆளை உட்காரவைத்து எழுத வேண்டிய பட்டியல் அது, அரை மணி நேரம் செலவிடத் தகும்.

பெயரின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஆக 85 குறிதான் கொள்ளும், நீட்சிக்கும் சேர்த்து. 'காட்டுமன்னார்கோயில்' மட்டுமே 19 குறி, 57 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் கணக்கு வேறு, அங்கே 255 குறி வரை போகலாம். விண்டோஸில் ஒரு வாக்கியத்தையே பெயராக வைத்த மனுக்கள் லினக்ஸ் சர்வருக்கு நகலாகும்போது நின்றுவிடுவது இதனால். சர்வரில் தேடி இல்லை என்றால், முதலில் அது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

வாக்: நடந்து தேடுவது

ஆர்குளோபுக்கு ஒரு குறை உண்டு. 'பழைய பேக்கப்' ஃபோல்டருக்குள் நுழையாதே என்று அதனிடம் சொல்ல முடியாது. கிடைத்த பிறகு வடிகட்டலாம், ஆனால் அதற்குள் நடந்த நேரம் நடந்ததுதான். வாக் இதற்கு இடம் தருகிறது:

ஃபார் இடம், ஃபோல்டர்கள், கோப்புகள் இன் ஓஎஸ்.வாக்(தொடக்கம், ஆன்எரர்=குறித்துக்கொள்):
    ஃபோல்டர்கள்[:] = [பெ ஃபார் பெ இன் ஃபோல்டர்கள் இஃப் பெ நாட் இன் விலக்கு]

இரண்டாவது வரியில் இருக்கும் [:] உயிர்நாடி. வாக் கையில் வைத்திருக்கும் அதே பட்டியலை மாற்றினால்தான் அது அடுத்து எங்கே இறங்குவது என்பதை மாற்றும். அதை விட்டுவிட்டு 'ஃபோல்டர்கள் =' என்று மட்டும் எழுதினால் உங்கள் பக்கத்தில் புதுப் பட்டியல் உருவாகும், வாக் பழையதையே பார்த்து எல்லாவற்றிலும் இறங்கும். டாப்டவுன்=ஃபால்ஸ் கொடுத்திருந்தாலும் இந்த விலக்கு பலிக்காது, ஏனென்றால் அப்போது கீழிருந்து மேலே வருகிறது. நீங்கள் விலக்கச் சொல்லும்போது அது ஏற்கெனவே போய்வந்துவிட்டது.

முழு டிரைவையும் தேடினால் விலக்கில் கட்டாயம் இருக்க வேண்டியது விண்டோஸின் ரீசைக்கிள் பின் ஃபோல்டர். நீக்கிய கோப்புகள் அங்கே '$ஆர்' என்று தொடங்கும் புதுப் பெயரில், பழைய நீட்சியோடு கிடக்கும். கூடவே '$ஐ' என்று தொடங்கும் துணைக் கோப்பும் அதே நீட்சியில் இருக்கும். பிடிஎஃப் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் இங்கே பாருங்கள்.

ஆன்எரர் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாத ஃபோல்டர், பாதி பழுதான வட்டு, நடுவில் அறுந்த நெட்வொர்க் எதுவானாலும் வாக் இயல்பாக விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஆர்குளோபும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் அதில் பிழையைப் பிடிக்க வழியில்லை. வாக்கில் உண்டு. 'குறித்துக்கொள்' என்ற செயற்கூறு பிழைப் பொருளை வாங்கும், அதன் ஃபைல்நேம் பண்பில் எந்த ஃபோல்டர் என்று இருக்கும். அதை ஒரு பட்டியலில் சேர்த்து, தேடல் முடிந்ததும் கிடைத்த கோப்புகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே 'திறக்க முடியாத ஃபோல்டர்கள்' என்று அச்சிடுங்கள். அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால்தான் 'இல்லை' என்ற பதிலை நம்பலாம். வெள்ளத்தில் நனைந்து காய்ந்த வட்டிலிருந்து கோப்பு மீட்கும்போது இந்தப் பட்டியல் இல்லாமல் வேலையே தொடங்கக் கூடாது.

வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்கு இணைப்புகள் (சிம்லிங்க்) இருந்தால் வாக் இயல்பாகப் பின்தொடராது. ஃபாலோலிங்க்ஸ்=ட்ரூ கொடுத்தால் தொடரும். ஆனால் ஓர் இணைப்பு தன் தாய் ஃபோல்டரையே சுட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், வாக் அதைக் கண்காணிப்பதில்லை. தேவையில்லாமல் கொடுக்காதீர்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, 3.5 முதல் வாக் உள்ளுக்குள் ஸ்கேன்டிர் வழியாக ஓடுகிறது. விண்டோஸில் அதனால் 7 முதல் 20 மடங்கு வரை விரைவானது என்று அந்தப் பதிப்பின் அறிவிப்பு சொல்கிறது. அந்த வேகத்தை நாமே கெடுத்துக்கொள்ளும் வழி, ஒவ்வொரு பெயருக்கும் இஸ்-ஃபைல், அளவு, தேதி என்று தனித்தனியாகக் கேட்பது. நெட்வொர்க் வட்டில் ஒவ்வொரு கேள்வியும் சர்வருக்குப் போய்வர வேண்டும். வாக் ஏற்கெனவே கோப்பையும் ஃபோல்டரையும் பிரித்தே தருகிறது. முதலில் பெயரால் வடிகட்டுங்கள், மிஞ்சியவற்றுக்கு மட்டும் அளவும் தேதியும் கேளுங்கள்.

கிடைத்த பிறகு

வரிசை எதிர்பாராதீர்கள். வட்டு தரும் வரிசையிலேயே பெயர்கள் வரும், விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று. வரிசைப்படுத்தும் சார்ட்டட் செயற்கூறு வழியாக அனுப்புங்கள். அதுவும் யூனிகோடு எண் வரிசைதான், அகராதி வரிசை இல்லை: ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்து நிற்கும், மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகும். 'பட்டா 10' என்பது 'பட்டா 2'க்கு முன்னால் வரும், பெயரிடும்போதே 02 என்று வைத்தால் தப்பிக்கலாம்.

ஆர்குளோப் தருவது பட்டியல் அல்ல, ஒருமுறை ஓடித் தீரும் ஜெனரேட்டர். எண்ணிக்கை பார்ப்பதற்காக ஒருமுறை சுற்றிவிட்டு, நகலெடுக்க மறுபடி சுற்றினால் ஒன்றும் இருக்காது. லிஸ்ட் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை நகர்த்தவோ பெயர் மாற்றவோ போகிறீர்கள் என்றால் இது இன்னும் கட்டாயம். தேடிக்கொண்டிருக்கும்போதே அதே ஃபோல்டரில் மாற்றம் செய்தால், மாற்றிய கோப்பு மறுபடி வலையில் விழலாம், வேறொன்று தவறலாம். முதல் ஓட்டத்தில் 'இது இங்கிருந்து அங்கே' என்று அச்சிட மட்டும் செய்து, கண்ணால் பார்த்த பிறகு நகர்த்துங்கள். ஒரே இடத்தில் திரட்டும்போது 'பட்டா.பிடிஎஃப்' என்ற பெயர் இருபது ஊர் ஃபோல்டரிலும் இருக்கும். பெயருக்கு முன்னால் தாலுகாவையும் ஊரையும் ஒட்டாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசி ஊரின் பட்டா மட்டும் மிஞ்சும்.

பட்டியலைச் சிஎஸ்வி ஆக்கி எக்செலில் திறப்பவர்கள், ஓப்பன் செய்யும்போது என்கோடிங் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 போட்டால், கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும்போது ஊர்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். என்கோடிங்கே கொடுக்காமல் விட்டால் விண்டோஸில் பழைய குறியேற்றத்துக்குப் போய், முதல் தமிழ் எழுத்திலேயே யூனிகோடு என்கோடு எரர் வரும். கருப்புத் திரையில் தமிழ் சரியாக அச்சானது, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியதும் விழுந்தது என்றாலும் காரணம் இதுவே. பைதான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பு கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.